குடும்ப நகைச்சுவைத் தொடர்களும் காண்போர் மெய்ப்பாடும்

முன்னுரை

ஒரு குடும்பத் தொடரின் புதிய பகுதி இரவில் ஒளிபரப்பாகிறது. மறுநாள் காலையிலேயே அதைப் பற்றிய பேச்சு ஊரெங்கும் பரவிவிடுகிறது. தேநீர்க் கடையிலும், குழாயடியிலும், பேருந்திலும், வகுப்பறை வாயிலிலும் அப்பேச்சை நாம் கேட்கலாம். மாமியார் சொன்னது முறையா, மருமகள் பொறுத்தது தகுமா, மகன் ஏன் வாய் திறக்கவில்லை என்று ஆளுக்கொரு தீர்ப்பு வழங்கப்படுகிறது. இல்லாத ஒரு குடும்பத்தின் பொருட்டு, இருக்கின்ற குடும்பங்கள் இரண்டுபட்டு வாதிடுகின்றன. சேலம் போன்ற நகரங்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று இது. சேர்வராயன் மலைமேல், ஏற்காடு வட்டத்தில் அமைந்த செம்மநத்தம் போன்ற சிற்றூர்களுக்கும் உரியதே.

பெரியோர் சிலர் இதனை வீண்பேச்சு என்று ஒதுக்குவர். இளையோர் பலர் வெறும் பொழுதுபோக்கு என்று கடந்து செல்வர். இரு சாராரும் ஓர் உண்மையைக் காணத் தவறுகின்றனர். தொடரின் பொருள் அதனை எழுதியவர் கையோடு முடிந்துவிடுவதில்லை. கண்டவர் உள்ளத்திலும் கண்டபின் பேசும் பேச்சிலுமே அது நிறைவு பெறுகிறது. எழுதியவர் வெறுக்கச் சொன்ன பாத்திரத்தைக் காண்போர் விரும்பியதும் உண்டு. போற்றச் சொன்னதை எள்ளியதும் உண்டு. ஆதலின், சிரித்தோமா என்பதோடு நில்லாமல், எவரை நோக்கிச் சிரித்தோம், ஏன் சிரித்தோம் என்று கேட்பது நம் கடமையாகிறது. இக்கருத்தைச் சில உண்மை நிகழ்ச்சிகளின் துணைகொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

நூலோர் கண்ட காண்போர்

காண்போரைப் பற்றிய ஆராய்ச்சி மேலைநாட்டார் நமக்குத் தந்த புதுமையன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் முறையை எட்டு வகையாகப் பகுத்துக் காண்கிறது. அவ்வெட்டனுள் முதலில் வைக்கப்பட்டது நகை என்பது நோக்கத்தக்கது. நடிப்பவன் செய்வது காண்பவரைச் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்னும் பொருள்பட அமைந்த செயிற்றியம் என்னும் பழைய நூலின் கருத்தை இளம்பூரணர் தம் உரையில் எடுத்துக்காட்டுகிறார். அரங்கில் நிகழ்வது பாதி. அவையில் நிகழ்வது மறுபாதி என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

நகை பிறக்கும் நிலைக்களன்களையும் தொல்காப்பியர் நான்காக வகுத்துள்ளார். பிறரை எள்ளுவதனால் சிரிப்பு வரும். இளமைக்குரிய பிள்ளைத்தன்மையால் வரும். அறியாமையாகிய பேதைமையால் வரும். சொன்னதைச் சொன்னவாறே நம்பிக்கொள்ளும் மடமையால் வரும். இன்றைய குடும்ப நகைச்சுவைத் தொடர் எதனை எடுத்துக்கொண்டாலும், அதில் வரும் சிரிப்பை இந்நான்கனுள் ஒன்றில் அடக்கிவிடலாம். குழந்தையின் மழலைக்குச் சிரிப்பதும், கறுத்த நிறத்தையோ பருத்த உடலையோ கேலி செய்யும்போது சிரிப்பதும் காதுக்கு ஒரே ஒலியாகக் கேட்பினும், பிறக்கும் இடம் வேறு. இவ்வேறுபாடே இக்கட்டுரைக்கு அடிப்படை.

தொடரின் இயல்பு

குடும்ப நகைச்சுவைத் தொடர் என்பது ஒரே வீடு, மாறாத சில மனிதர்கள், வாரந்தோறும் ஒரு சிறு சிக்கல் என்னும் அமைப்பை உடையது. சிக்கல் பெரும்பாலும் அரைமணி நேரத்துள் அவிழ்ந்துவிடும். அடுத்த வாரம் அதே கூடம், அதே நாற்காலி, அதே கணவன் மனைவி. நாவலில் வரும் குடும்பத்தை நாம் தேடிச் சென்று படிக்கிறோம். தொடரில் வரும் குடும்பமோ குறித்த நாளில் குறித்த நேரத்தில் நம் வீட்டுக்குள் தானே வந்து அமர்கிறது. வாரந்தோறும் வரும் விருந்தினர் நாளடைவில் உறவினர் ஆவது இயல்பு.

இவ்வுறவு எவ்வளவு ஆழமாகும் என்பதற்கு அமெரிக்க நாட்டின் 'ஐ லவ் லூசி' தொடர் பழைய சான்று. 1951 முதல் 1957 வரை வெளிவந்த அத்தொடரில், லூசி என்னும் மனைவி பிள்ளைப்பேற்றுக்காக மருத்துவமனை செல்லும் பகுதி 1953 சனவரி 19 அன்று ஒளிபரப்பாயிற்று. லூசியாக நடித்த லூசில் பால் அம்மையாரும் அதே நாளில் உண்மையாகவே ஓர் ஆண்மகவை ஈன்றார். அப்பகுதியைக் கண்டோர் ஏறத்தாழ 4 கோடியே 40 இலட்சம் பேர் என்பர். மறுநாள் நடைபெற்ற குடியரசுத் தலைவர் ஐசனோவரின் பதவியேற்பைத் தொலைக்காட்சியில் கண்டோரைவிட இத்தொகை மிகுதி. வாழ்த்துக் கடிதங்களும் பரிசுப் பொருள்களும் வந்து குவிந்தன. பிறந்தது கதையில் வரும் குழந்தையா, நடிகையின் குழந்தையா என்னும் கோட்டினைக் காண்போர் பொருட்படுத்தவில்லை.

மலையேறிய பெட்டி

இனி நம் சேர்வராயன் மலைக்கு வருவோம். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதை 20 கொண்டை ஊசி வளைவுகளை உடையது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் விளங்கும் இம்மலைப் பகுதியில் காப்பியும் மிளகும் பழமரங்களும் செழிக்கின்றன. இங்கு வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரைக் குறிக்கும் பெயர் இதுவன்று. தமிழ் பேசும் இம்மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப் பெற்றது. ஆயினும் தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. மலை குறுக்கிட்டால் மறுபுறத்துச் சரிவில் படம் மங்கும். சரிவுகளில் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குக் கம்பி இழுப்பதும் செலவு மிக்க செயல். வானிலுள்ள செயற்கைக்கோளிலிருந்து நேரே வீட்டுக்கு ஒளிபரப்பும் முறையே இவ்வகை ஊர்களுக்கு ஏற்றது. மாதக் கட்டணம் இல்லாத அத்தகைய ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் தொடங்கியது. தனியார் நிறுவனங்களின் சிறு தட்டுகளும் கூரைகளில் ஏறின. 2006ஆம் ஆண்டு முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை மாநிலமெங்கும் இலவசமாக வழங்கியது. நகரத்து வீடுகள் முப்பது ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் பழகிக்கொண்ட ஒன்று, மலையூர் வீடுகளுக்குச் சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தது எனலாம்.

பெட்டி புதியதே தவிர, கதையைக் கண்டு பேசும் பழக்கம் இப்பகுதிக்குப் புதியதன்று. சேலம் வட்டாரம் தெருக்கூத்துக்குப் பெயர்பெற்றது. விடிய விடிய நடக்கும் கூத்தில் காண்போர் வாய்மூடி இருப்பதில்லை. வசையும் வாழ்த்தும் உடனுக்குடன் வழங்குவர். அவர்களுக்கும் மேடைக்கும் நடுவே கட்டியங்காரன் நிற்கிறான். அரசனையும் கேலி செய்து, ஊர் நடப்பையும் தொட்டுப் பேசி, அவையின் குரலை அரங்குக்கு ஏற்றுகிறான். தொலைக்காட்சி வந்தபோது இந்தக் கட்டியங்காரன் காணாமற் போனான். பெட்டி பேசும், நாம் கேட்கலாம், நாம் பேசுவது பெட்டிக்குக் கேட்காது. இக்குறையை முதலில் நீக்கியது அஞ்சலட்டை.

கடிதம் எழுதிய காண்போர்

இந்திய நாட்டின் முதல் நெடுந்தொடர் எனப்படும் 'ஹம் லோக்' இந்தி மொழியில் 1984 ஜூலை 7 அன்று தொடங்கி, 1985 டிசம்பர் 17 வரை 156 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. எழுதியவர் மனோகர் சியாம் ஜோஷி. நடுத்தரக் குடும்பம் ஒன்றின் இன்ப துன்பங்களைச் சொன்ன அத்தொடரின் ஒவ்வொரு பகுதி முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்று நிகழ்ந்தது பற்றிக் காண்போரிடம் சில சொற்கள் பேசுவார். நம் கட்டியங்காரனை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். அவருக்கு வந்த கடிதங்கள் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவை எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

அக்கடிதங்கள் வீண்போகவில்லை. தொடக்கத்தில் குடும்பநலச் செய்தி மிக நேரடியாகப் புகுத்தப்பட்டிருந்தது. காண்போர் அதனை விரும்பவில்லை. ஏறத்தாழ 13 பகுதிகளுக்குப் பின் அறிவுரை குறைந்து கதை மிகுந்தது. மூத்த மகள் பட்கி தான் விரும்பிய மருத்துவரை மணப்பதா வேண்டாவா என்று தயங்கியபோது, துணிந்து மணந்துகொள் என்று காண்போர் எழுதினர். அவளது திருமணப் பகுதி ஒளிபரப்பானபோது வாழ்த்துக் கடிதங்களும் தந்திகளும் வந்தன.

தமிழகத்திலும் இவ்வாறு ஒரு வாயில் திறக்கப்பட்டது. 1980களில் சென்னைத் தொலைக்காட்சி 'எதிரொலி' என்னும் நிகழ்ச்சியை நடத்தியது. நிலைய இயக்குநர் ஏ. நடராசன் அவர்களே திரையில் தோன்றி, நேயர்கள் எழுதிய பாராட்டுக்கும் குறைக்கும் விடை கூறுவார். நாடகம் நன்றாக இல்லை என்று எங்கோ ஒரு சிற்றூரிலிருந்து எழுதிய ஒருவருக்கு, நாடெங்கும் கேட்க விடை கிடைக்கும் என்பது அந்நாளில் சிறிய செய்தியன்று. அஞ்சலட்டையில் எழுதுவோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். சில வரிகளுக்குள் தம் கருத்தைச் சுருக்க வேண்டும். பெயரும் ஊரும் இட வேண்டும். இன்று கைப்பேசியில் ஒரு பகுதி முடியும் முன்னரே கருத்துகள் பறக்கின்றன. விரைவு மிகுந்தது, எண்ணிப் பார்க்கும் இடைவெளி குறைந்தது.

நோக்கமும் விளைவும்

எதிர்வினையின் அளவைவிட அதன் திசையே நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. 'ஹம் லோக்' தொடரில் வரும் தாய் பகவந்தி, கணவனுக்கும் மாமியாருக்கும் அடங்கி, தனக்கென ஒன்றும் கேளாமல் தேய்கின்ற பெண். இப்படி இருத்தல் ஆகாது என்று உணர்த்தவே அப்பாத்திரம் படைக்கப்பட்டது. ஆனால் அத்தொடரின் விளைவுகளை ஆராய்ந்த அரவிந்த் சிங்கால், எவரெட் ராஜர்ஸ் ஆகியோர், கண்டோருள் ஒரு பகுதியினர் பகவந்தியையே பின்பற்றத்தக்க பெண்ணாகக் கொண்டனர் என்று கண்டறிந்தனர். எச்சரிக்கைப் பலகையை வழிகாட்டிப் பலகையாகப் படித்துவிட்டனர்.

அமெரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. 1971இல் தொடங்கி 1979 வரை வந்த 'ஆல் இன் த ஃபேமிலி' என்னும் குடும்ப நகைச்சுவைத் தொடரில் ஆர்ச்சி பங்கர் என்பவர் வீட்டுத் தலைவர். கறுப்பினத்தாரையும் பிறநாட்டு வழியினரையும் பெண்களையும் இழித்துப் பேசுபவர். அவர் பேச்சின் மடமையைக் காட்டி, இனவெறியை நகைப்புக்கு உள்ளாக்குவதே தொடரை உருவாக்கிய நார்மன் லியரின் நோக்கம். நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. இனவெறுப்பு மிகுந்தவர்கள் ஆர்ச்சியை நேர்மையாகப் பேசும் மனிதர் என்று மெச்சினர். அவருடன் வாதிடும் மருமகனே தோற்றவர் என்று கருதினர். ஒரே நகைச்சுவைக்கு இரு வீடுகளில் சிரிப்பு எழுந்தது. ஒரு வீட்டார் ஆர்ச்சியை நோக்கிச் சிரித்தனர். மற்றொரு வீட்டார் ஆர்ச்சியோடு சேர்ந்து சிரித்தனர்.

நம் காலத்துத் தமிழ்ச் சான்றும் உண்டு. சன் தொலைக்காட்சியில் 2022 முதல் 2024 வரை திருச்செல்வம் இயக்கத்தில் வந்த 'எதிர்நீச்சல்' நகைச்சுவைத் தொடரன்று, குடும்பத் தொடரே. எனினும் அதில் இயக்குநரும் நடிகருமான மாரிமுத்து ஏற்ற ஆதி குணசேகரன் என்னும் பாத்திரம் பெரும் சிரிப்பை விளைத்தது. படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து, வேலைக்கு அனுப்பாமல் அடுக்களையில் முடக்கும் மூத்தவர் அவர். அவருக்கு எதிராக அப்பெண்கள் நீந்துவதே தொடரின் பெயர்ப்பொருள். ஆனால் பெண்களை அவர் அதட்டி விளிக்கும் முறை நகைச்சுவைத் துணுக்காகக் கைப்பேசிதோறும் பரவியது. வெறுக்கத்தக்க அதிகாரம் விரும்பத்தக்க குறும்பாக மாறிற்று. 2023 செப்டம்பர் 8 அன்று மாரிமுத்து திடீரென மறைந்தபோது, காண்போர் தம் வீட்டுப் பெரியவர் ஒருவரை இழந்ததுபோல் வருந்தினர். பின்னர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றபோது, புதியவரைப் பழையவரோடு ஒப்பிட்டு நெடுநாள் பேசினர். ஒரு நடிகரின் ஆற்றலுக்கு இஃது உயர்ந்த சான்று. அதே வேளையில், அந்த அதட்டலை நம் வீட்டுப் பிள்ளைகள் தங்கையிடம் சொல்லிப் பார்த்துச் சிரிக்கும்போது, அங்கே எவர் எள்ளப்படுகிறார் என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு.

எள்ளலின் இரு முகங்கள்

எள்ளல் பற்றிப் பேராசிரியர் தம் உரையில் ஒரு நுட்பம் கூறுகிறார். தான் பிறரை எள்ளியவழிச் சிரிப்பதும், பிறர் தன்னை எள்ளியவழித் தானும் சிரிப்பதும் என அஃது இருவகைப்படும் என்பது அவர் கருத்து. இரண்டாம் வகையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் தொடர்களின் கதைக்களம் பெரும்பாலும் நகரத்து வீடு. மலையூரிலிருந்து ஒருவர் அங்கு வந்தால், தானியங்கிப் படிக்கட்டைக் கண்டு மிரள்பவராக, கொச்சை பேசுபவராக, எவரும் ஏமாற்றத்தக்க வெகுளியாகக் காட்டுவது நாடகத்திலும் திரைப்படத்திலும் நெடுங்காலமாக வழங்கிவரும் உத்தி. செம்மநத்தம் போன்ற ஊரிலிருந்து வந்து கல்லூரி விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர் ஒருவர், பலரோடு அமர்ந்து இத்தகைய பகுதியைக் காண்கிறார் என்று கொள்வோம். அறை முழுதும் சிரிக்கிறது. அவரும் சிரிக்கிறார். அச்சிரிப்பு எங்கிருந்து பிறந்தது? உண்மையில் அவர் மகிழ்ந்தாரா, தான் வேறுபட்டவன் என்று தெரிந்துவிடக் கூடாதென்று ஒளிந்துகொண்டாரா? பேராசிரியர் சுட்டிய இரண்டாம் வகை நகையின் துன்பம் இதுவே. பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பருக்கு அது கேட்பதில்லை. ஏனெனில் அதன் ஒலியும் சிரிப்பொலியே.

மலையூராருக்கு நேர்வது பிறருக்கும் நேரும். மனைவியின் சமையல், மாமியாரின் முதுமை, வேலைக்காரரின் அறியாமை, சிறுபான்மையோரின் பேச்சு வழக்கு ஆகியன எளிதில் எள்ளலுக்கு இரையாகின்றன. எள்ளாமலும் சிரிக்க வைக்க இயலும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் நிறுவனத்துக்காக நாகா இயக்கி 1998இல் வந்த 'ரமணி வெர்சஸ் ரமணி' தொடரில் கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. இருவருக்கும் ஒரே பெயர் அமைந்ததனால் வழக்கிலும் இருவரும் சமமானவர் ஆகின்றனர். இன்று அவர் பிழை செய்தால் நாளை இவர் பிழை செய்வார். காண்போர் தம் இல்லத்தின் சிறு பூசல்களையே அங்குக் கண்டு சிரித்தனர். எவரையும் தாழ்த்தாத சிரிப்பு அது. தொடர் முடிந்து பல்லாண்டுகளுக்குப் பின்னும் அதனை நினைவுகூர்வோர் உள்ளனர்.

நாம் செய்யத்தக்கன

இவற்றால் பெறப்படும் பயன் யாது? பெரியோர் பெட்டியை அணைத்துவிட்டு எழுந்து செல்வதால் பயனில்லை. அவர் சென்றபின் அது மீண்டும் ஒளிரும். அல்லது பிள்ளையின் கைப்பேசியில் தனியே ஒளிரும். உடன் அமர்ந்து காண்பதும், கண்டபின் ஒரு வினா எழுப்புவதுமே பயன் தருவன. "ஏனப்பா சிரித்தாய்? அந்தப் பெண் உன் அக்காவாக இருந்தால் அப்போதும் சிரிப்பாயா?" என்று அத்தா கேட்கும் ஒரு கேள்வி, நூறு தடைகளைவிட வலிமையுடையது. கோபமின்றிக் கேட்டால் பிள்ளை விடை சொல்லும். சொல்லும் விடை சில நேரங்களில் நம்மையும் திருத்தும்.

மாணவர்க்கு மூன்று வினாக்களைப் பரிந்துரைக்கலாம். ஒரு பகுதியைக் கண்டபின், இங்கே சிரிப்பு எள்ளலில் பிறந்ததா, இளமையிலா, பேதைமையிலா, மடமையிலா என்று கேட்க. எழுதியவர் எவரை நோக்கிச் சிரிக்கச் சொன்னார், நாம் எவரை நோக்கிச் சிரித்தோம் என்று ஒப்பிடுக. எள்ளப்பட்டவர் இந்த அறையில் இருந்தால் அவர் முகம் எவ்வாறு இருக்கும் என்று எண்ணுக. இம்மூன்றும் மெய்ப்பாட்டியலைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதைவிட நன்கு விளங்க வைக்கும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைக்கே கொண்டு செல்லலாம். ஒரு தொடரின் ஒரு பகுதிக்கு மாணவர் அனைவரும் ஓர் அஞ்சலட்டை அளவில் கருத்தெழுதட்டும். பெயரும் ஊரும் இடட்டும். பின்னர் அவற்றை உரக்கப் படித்துப் பார்த்தால், ஒரே பகுதி எத்தனை வகையாகக் காணப்பட்டது என்பது விளங்கும். மலையூர் மாணவரும் நகரத்து மாணவரும் வேறு வேறாக எழுதியிருப்பின், அவ்வேறுபாடே அன்றைய பாடமாகட்டும்.

முடிவுரை

நடிப்போர் செய்தது காண்போரைச் சேர்வதே மெய்ப்பாடு எனின், காண்போர் வெறும் கொள்கலன் அல்லர். பாதிப் பொறுப்பு உடையவர். பகவந்தியை இலக்கணப் பெண்ணாக்கியவரும், ஆர்ச்சியை வீரராக்கியவரும், குணசேகரனின் அதட்டலை விளையாட்டாக்கியவரும் எழுதியவர் அல்லர்; கண்டவரே. பட்கிக்குத் துணிவு சொல்லிக் கடிதம் எழுதியவரும் அத்தகைய காண்போரே. இன்றிரவு ஏதோ ஒரு தொடரின் புதிய பகுதி செம்மநத்தத்திலும் சேலத்திலும் ஒரே நேரத்தில் ஒளிபரப்பாகும். இரு ஊராரும் சிரிக்கட்டும். மலையில் இருப்பவர் தம்மை மறைத்துக்கொண்டு சிரிக்க வேண்டிய தேவையில்லாத சிரிப்பாக அஃது அமைய வேண்டுமெனில், நாளைக் காலை நாம் பேசும் பேச்சிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு.